பேனாக்கத்தியின் வயது

அடுத்தாத்து அண்ணாவிடம் 'ஏறக்குறைய' என்று யாரும் சொல்லிவிட முடியாது. கல்யாணமாகித் திருவனந்தபுரம் கரமனைக்கு வந்த அன்றே எனக்கு அது தெரிந்துவிட்டது. என் மாமியார் என்னைக் காட்டி, "பதினாறு, பதினேழு வயசிருக்கும்" என்று அவரிடம் சொன்னார். அவர் என் அப்பா பக்கம் திரும்பி, "பதினாறா, பதினேழா?" என்று கேட்டார். அப்பா விரல்விட்டு எண்ணி, "பதினாறு முடிஞ்சு நாலு மாசம்" என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

உறவு ஒன்றும் கிடையாது. என் கணவரும் அவரும் ஒரே சர்க்கார் கச்சேரியில் வேலை பார்த்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. பாதி அவர்கள் பக்கம், பாதி எங்கள் பக்கம், நடுவே இடுப்பளவுச் சுவர். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் இல்லை. முதல் வருஷம், அண்ணன் தம்பிகளுக்காகக் கனு வைக்கிற கனுப் பொங்கலன்று நான் அதைச் சொல்லிக் கண்கலங்கியபோது அவர் மனைவி கிணற்றடியிலிருந்து, "எங்காத்துக்காரருக்கும் தங்கை கிடையாது. இனிமே நீயே அவரை அண்ணாவா வச்சுக்கோயேன்" என்றாள். அன்று முதல் அவர் எனக்கு அண்ணா, அவள் மன்னி. மன்னிக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம்.

அண்ணா உயரம், ஒல்லி. பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். வார்த்தை எங்கே வழுக்குகிறது என்று பார்ப்பது போலிருக்கும். கச்சேரியில் அவருக்கு வேலையே அதுதான். நிலத் தகராறுகளில் கொண்டுவரும் பழைய ஆதாரங்கள் மெய்தானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பரம்பரை நிலபுலன் உள்ள பெரிய தறவாட்டுக்காரர் ஒருவர், பாட்டனார் காலத்துப் பத்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தாராம். காகிதம் பழுப்பேறி, ஓரம் செல்லரித்து, பார்த்தால் கும்பிடத் தோன்றுமாம். அண்ணா அதை வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், திருப்பி வைத்தார். "செல்லு ஓரத்தைத் தின்னிருக்கு. எழுத்து இருக்கிற இடத்தை ஒண்ணுகூடத் தொடலை. அறுபது வருஷம் படிச்சுப் பார்த்துத் தின்ன செல்லாக்கும்" என்றாராம். என் கணவர் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விசாரணையில் அது கள்ளப் பத்திரம் என்றே ஆயிற்று.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் கோபிக்க மாட்டார். "உப்புப் போட்டியா?" என்பார். "போட்டேனே" என்பாள் மன்னி. "போட்டது ஓர்மையா, ஊகமா?" என்று கேட்பார். மன்னிக்கு எது ஞாபகம், எது ஊகம் என்று குழம்பிப் போய்விடும்.

கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் சிரிப்பு. மன்னிக்கு இல்லை. அவள் வந்த முதல் வருஷம் நடந்ததை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அண்ணாவின் மைக்கூட்டை மேஜை துடைக்கும்போது தட்டிவிட்டாள். பதினேழு வயதுப் பெண். பயத்தில், "பூனை தட்டிடுத்து" என்று சொல்லிவிட்டாள். அண்ணா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து மை ஓடிய திசையைப் பார்த்தார். மேஜைத் துணியில் ஒரு மூலை மடிந்திருந்ததைப் பார்த்தார். பூனையின் நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். பிறகு, "பூனை இல்லை" என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை, அடிக்கவில்லை. கார்த்திகை பிறந்த சமயம் அது. தை பிறக்கும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், கச்சேரிக்குப் போனார், வந்தார். அவளைத் தாண்டி நடந்தார். "ரெண்டு மாசம் என் குரலே எனக்கு மறந்துபோச்சுடி. கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து என் பேரை நானே கூப்பிட்டுப்பேன்" என்று மன்னி சொன்னாள்.

இந்தக் கதையை அவள் சொன்ன மறு வருஷம்தான் பேனாக்கத்தி வந்தது.

அண்ணாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஊரில் காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, அவர் சாமான்கள் ஒரு தகரப் பெட்டியில் வந்தன. அதில் ஒரு மடக்குப் பேனாக்கத்தி. மான்கொம்புப் பிடி. அது அண்ணாவின் தாத்தாவுடையது. அந்தத் தாத்தா, மலையை அளக்க வந்த ஒரு வெள்ளைக்கார சர்வே துரையிடம் கணக்கெழுதப் போனவர். மலைமேல் துரைக்குக் காய்ச்சல் கண்டு, கூட வந்த ஆட்களெல்லாம் பயந்து இறங்கிவிட, தாத்தா மட்டும் பதினோரு நாள் கூடவே இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்தாராம். துரை மலையிறங்கும்போது தன் பையிலிருந்த கத்தியை எடுத்துத் தாத்தா கையில் வைத்து, கையை மூடிவிட்டாராம். அண்ணாவுக்கு ஏழு வயதில் அவர் அப்பா சொன்ன கதை. கத்தியை அவர் சின்ன வயதில் அப்பாவின் இடுப்பில் பார்த்ததுதான். கையில் வாங்கிப் பார்க்க அப்பா விட்டதில்லை.

பெட்டி வந்த மறுநாள் காலை அண்ணா காம்ப் போகவேண்டியிருந்தது. பத்மநாபபுரத்தில் பழைய ஓலைகளை எண்ணிக் குறித்துவரப் பத்து நாள். "வந்து நிதானமாப் பார்க்கறேன். பத்திரம்" என்று சொல்லிக் கத்தியை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு ஐந்து மாதம். ஆவணி மழை. ஆற்றில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. கரையில் தாழம்பூ வாசனை. எனக்கு அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டே தீர வேண்டும் போல ஓர் ஆசை. மசக்கைக்காரி ஆசை என்று மன்னியிடம் சொன்னேன். தாழைக்கு முள் அதிகம். கையால் ஒடிக்க முடியாது. "இரு, ஒண்ணு கொண்டு வரேன்" என்று உள்ளே ஓடியவள், கையில் அந்தப் பேனாக்கத்தியோடு வந்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டா ஆற்றுக்குப் போவது என்று நினைத்தேன்.

ஒரு பூவை அறுத்துவிட்டாள். இரண்டாவதற்குக் கையை நீட்டினாள். முள் கீறியதோ, ஈரத்தில் வழுக்கியதோ, "ஐயோ" என்றாள். அவ்வளவுதான் கேட்டது. கத்தி தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. மன்னி மார்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினாள். நான் படிக்கட்டில் நின்றுகொண்டு, "போதும் மன்னி, ஏறி வா, ஆறு இழுக்கிறது" என்று அழுதேன். ஏறி வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. முதலில் அவள் சொன்ன வார்த்தை, "இந்தத் தடவை எத்தனை மாசமோ" என்பது.

மறுநாள் கோட்டைக்குள் சுவாமி தரிசனத்துக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு இரண்டு பேரும் வண்டி வைத்துக்கொண்டு போனோம். தரிசனம் பண்ணினோம். திரும்பும்போது சாலைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். கத்தி, பூட்டு, ஆணி விற்கிற ஒரு கடை. கடைக்காரர் வயதான ராவுத்தர். இரண்டு பொம்மனாட்டிகள் பேனாக்கத்தி கேட்பதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். மான்கொம்புப் பிடி போட்டது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "இது புதுச் சரக்கு அம்மா. கப்பல்ல வந்தது. எத்தனை மழையானாலும் துருப் பிடிக்காது, கேட்டோ" என்றார். விற்கிறவர்கள் சொல்வதுதானே என்று நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் கவலை வேறு. கத்தி பளபளவென்று இருந்தது.

அதைக் கிழவனாக்க எங்களுக்கு நாலு நாள் ஆயிற்று. பிடியை மண்ணில் புரட்டி, நெய் தடவி, அடுப்புப் புகையில் வைத்தோம். அலகின் அடியில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. பழைய கத்தியில் எழுத்து எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மன்னி சொன்னதால், நான் அதை அம்மியில் மணல் போட்டுத் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை. கை வலித்து, "போதும், இது தேஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று விட்டுவிட்டேன். கடைசியில் மன்னிக்கு ஒன்று தோன்றிற்று. அவள் மாமனார் மூக்குப்பொடி போடுகிறவர். என் மாமனாரிடமும் பொடிமட்டை உண்டு. ஒரு சிட்டிகை எடுத்துக் கத்தி மடங்குகிற இடுக்கில் தேய்த்தாள். அப்போது இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அண்ணா வந்தார். குளித்து, சாப்பிட்டு, அலமாரியைத் திறந்தார். நான் கிணற்றுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மன்னி சமையலறை வாசலில். கள்ளப் பத்திரத்தைச் செல்லின் பல்லைப் பார்த்துக் கண்டுபிடித்தவர். பூனையின் பாதத்தைப் பார்த்தவர். கத்தியைக் கையில் எடுத்தார். பிரித்தார், மூடினார். மூக்கருகில் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"அப்பா பொடி" என்றார்.

பிறகு கத்தியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அப்பாவின் காரியத்தில்கூட அவர் அழவில்லை என்று மன்னி சொல்லியிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மன்னி என்னிடம், "சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" என்றாள்.

அப்புறம் வருஷங்கள் போயின. எனக்கு ஒரு பிள்ளை, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மன்னிக்குக் குழந்தை இல்லை. அண்ணா அந்தக் கத்தியால்தான் பென்சில் சீவுவார், கவர் கிழிப்பார், மாம்பழம் நறுக்குவார். வீட்டுக்கு யார் வந்தாலும் துரை கதை நிச்சயம். இடவப்பாதி மழையில் திருவனந்தபுரத்தில் ஆணி, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் சிவந்துபோகும். அண்ணா கத்தியைப் பிரித்துக் காட்டுவார். "பாருங்கோ. ஒரு புள்ளி துரு உண்டா? அந்தக் காலத்து இரும்பாக்கும் இது." கத்தி வெளியே வந்தால் மன்னி ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு தடவைகூட அவள் அந்தக் கதையை உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மன்னி படுத்தாள். வயிற்றில் கட்டி. ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமானாள். கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணா கால்மாட்டில். மன்னி கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். உதடு அசைந்தது. அண்ணா குனிந்து காதை வைத்தார்.

"கத்தி" என்றாள்.

"என்ன? பயமா இருக்கா?" என்று அவர் கேட்டார். அவள் மறுபடியும், "கத்தி... அந்தக் கத்தி..." என்றாள்.

அண்ணா எழுந்துபோய்ப் பேனாக்கத்தியைக் கொண்டுவந்து அவள் தலையணைக்கடியில் வைத்தார். நோயாளிக்குப் பயம் தெளிய இரும்பு வைப்பது வழக்கம்தான். "தாத்தாவோடது. ஒண்ணும் கிட்ட வராது. தூங்கு" என்று நெற்றியைத் தடவினார். மன்னி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

மன்னி காலமான வருஷமே அண்ணாவுக்குப் பென்ஷன் ஆயிற்று. ஒரு பரிசாரகன் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவான். பகல் பூராவும் தனியாக இருந்தவர் குடும்ப வரலாறு எழுத ஆரம்பித்தார். பெரிய நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும் அவருக்கு. ஊருக்குக் கடிதம் எழுதி ஜாதகம் வரவழைத்தார். தாத்தா பக்கம் வந்ததும் நின்றுபோனார். மலைக்குப் போன வருஷம் தெரியவில்லை.

ஒருநாள் கிணற்றடியில் என்னிடம், "வழி கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். முகத்தில் ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "கத்திக்கு என்ன வயசுன்னு தெரிஞ்சா, துரை எப்ப வந்தான்னு தெரிஞ்சுடும். லென்ஸ் வச்சுப் பார்த்தேன். தேஞ்சுபோன எழுத்துல முதல் ரெண்டு தெரியறது. எஸ், டி. துரையோட பேர் ஆரம்பமாக்கும் அது. கடைசியில இ, எஸ், எஸ்."

எனக்குக் குடம் கை நழுவிக் கிணற்றுக் கல்லில் இடித்தது. "எதுக்கு அண்ணா இதெல்லாம்? விட்டுடுங்கோளேன்" என்றேன்.

"விடறதா? நன்னாயிருக்கு" என்றார்.

எங்கள் வீட்டு மாடியில் அப்போது காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற ஒரு வாத்தியார் குடியிருந்தார். அண்ணா அவரைக் கூப்பிட்டனுப்பி, துரை கதை முழுவதையும் சொல்லி, கத்தியையும் லென்ஸையும் கையில் கொடுத்தார். நான் மோர் கொண்டுபோன சாக்கில் அங்கே நின்றேன். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் மாறிற்று.

"மாமா, உங்க தாத்தா காலமாகி எத்தனை வருஷம்?"

"அறுபத்தெட்டு."

"இது பேர் இல்லை மாமா. நடுவில எழுத்து தேஞ்சிருக்கு. ஸ்டெயின்லெஸ்னு எழுதியிருக்கு. துருப் பிடிக்காத இரும்பு. இந்த மாதிரி இரும்பு உண்டாக்கவே போன யுத்தத்தை ஒட்டித்தான் ஆரம்பிச்சா. உங்க தாத்தா காலத்துல உலகத்துலயே இது கிடையாது."

அண்ணா கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சந்தேகம் உண்டோ?" என்று ஒரு தடவை கேட்டார். "இல்லை மாமா" என்றார் வாத்தியார். அண்ணா தலையை ஆட்டினார்.

அப்புறம் அவர் வெளியே வருவது நின்றுபோயிற்று. பரிசாரகன் வைத்த சோறு அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அவர் அப்பாவின் திவசம். வருஷம் தவறாமல், நாழிகை தவறாமல் பண்ணுகிறவர். சாஸ்திரிகள் சாமான் பட்டியல் வாங்க வந்தபோது, "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தெரு முழுக்க அதே பேச்சு. என் கணவர் போய்க் கேட்டார். அண்ணா சொன்னது எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஏழு வயசுக் குழந்தைகிட்ட உட்கார்ந்து ஒரு மனுஷர் பொய் சொல்லியிருக்கார். கடைக் கத்தியை வாங்கி இடுப்புல செருகிண்டு, துரை கொடுத்தான்னு சொல்லியிருக்கார். நான் அம்பது வருஷம் அதை ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அவருக்கு இந்தக் கையால எள்ளும் தண்ணியும் விடறது எப்படி?"

தன் ஏழு வயதில் இந்த இரும்பே உலகத்தில் கிடையாதே, அப்பா அப்போது எப்படி இந்தக் கத்தியை இடுப்பில் செருகியிருக்க முடியும் என்று அவர் யோசித்திருக்கலாம். அப்பா பின்னால் எப்போதோ கத்தியை மாற்றியிருக்கிறார் என்றுகூட யோசித்திருக்கலாம். எல்லாவற்றையும் யோசிக்கிறவர், இதை யோசிக்கவில்லை. அவ்வளவு அடிபட்டிருந்தார்.

நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. செத்துப்போன இரண்டு பேரில் ஒருவரைப் பொய் சொன்னவராக்கித்தான் ஆகவேண்டும். அண்ணாவின் அப்பாவா, மன்னியா? மன்னி என்னைக் கடைசியாகப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. சொல்லிவிடு என்றாளா, சொல்லாதே என்றாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. திவசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் அவர் தண்ணீர் இழுக்க வந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உங்கப்பா பொய் சொல்லலை."

அவர் என் வாயைப் பார்த்தார்.

"அது உங்கப்பா கத்தியே இல்லை. அந்தக் கத்தி ஆத்தோட போயிடுத்து. நீங்க பத்மநாபபுரம் காம்ப் போயிருந்தப்போ. மன்னி எனக்குத் தாழம்பூ அறுத்துத் தரப் போய்த்தான். இது நாங்க சாலைக் கடைத்தெருவில வாங்கினது. எழுத்தை அம்மியில தேய்ச்சது நான்தான்."

அவர் கயிற்றை விடவில்லை. பாதிக் கிணற்றில் குடம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் படித்துறை, எந்தக் கடை, எத்தனை நாள் ஆயிற்று, பிடியில் என்ன தடவினீர்கள். கச்சேரியில் சாட்சியைக் கேட்பது போல நிதானமாக. நான் எல்லாம் சொன்னேன். பொடியைச் சொன்னபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார். பிறகு, "என்கிட்ட சொல்ல என்ன? நான் அவளை ஒரு நாள் அடிச்சதில்லை. கை ஓங்கினதுகூட இல்லை."

"இல்லை அண்ணா" என்றேன். "நீங்க பேசாம இருந்தேள்."

குடம் கயிற்றோடு உள்ளே போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. கிணற்று விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"அன்னிக்குப் படுக்கையில கத்தின்னாளே. அதைச் சொல்லத்தான் வந்தாளா?"

"ஆமாம் அண்ணா."

"நான் தலைமாட்டில வச்சேன்" என்றார்.

மூன்றாம் நாள் திவசம் நடந்தது. சாஸ்திரிகள் சொன்ன ஒவ்வொரு மந்திரத்தையும் அண்ணா உரக்கத் திருப்பிச் சொன்னார். கத்தியை அவர் தூக்கி எறியவில்லை. நோட்டில் தாத்தா மலைக்குப் போன வருஷம் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, கத்தி என்று தனியாக ஒரு வரி எழுதினாராம். வயது இருபத்திரண்டு, வாங்கியது என் மனைவி என்று. என் கணவர் பார்த்து வந்து சொன்னார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து அண்ணா கிணற்றடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அவ வேற என்னெல்லாம் என்கிட்ட மறைச்சா?"

மறுபடி விசாரணை என்று நினைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார், மெதுவாக: "முப்பது வருஷம் கூட இருந்தேன். அவளைப் பத்தி எழுத உட்கார்ந்தா அரைப் பக்கம் வரலை. உனக்குத்தான் தெரியும். சொல்லேன்."

சொன்னேன். மன்னிக்குப் பாகற்காய் பிடிக்காது. அவருக்குப் பிடிக்கும் என்று வாரம் இரண்டு நாள் பண்ணிவிட்டு, தான் மோர்சாதம் மட்டும் சாப்பிடுவாள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்து காட்டி எங்களையெல்லாம் சிரிக்க வைப்பாள். இதைக் கேட்டு அண்ணாவே சிரித்துவிட்டார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். பிள்ளை பிறக்கும் என்று நம்பி ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கி அரிசிப் பானைக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தாள் என்று ஒருநாள் சொன்னேன். மறுநாள் காலை அவர் வந்தபோது உள்ளங்கை விரிந்திருந்தது. கறுத்துப்போன சின்ன அரைஞாண். "இருந்தது" என்றார்.

ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆனால் அவர் வருவது நிற்கவில்லை. காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றுமில்லை அண்ணா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்பித்துச் சொல்ல ஆரம்பித்தேன். சின்னச் சின்னதாக. அவர் காம்ப் போயிருக்கும் நாளெல்லாம் மன்னி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள் என்றேன். அவர் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று பெருமைப்படுவாள் என்றேன். தலைகுனிந்து கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் கோயில் ஆராட்டு ஊர்வலத்தை வைத்து ஒரு கதை சொன்னேன். "கோட்டை வாசல்ல கூட்டத்துல நின்னுண்டிருந்தோம் அண்ணா. ஊர்வலம் போறது. கச்சேரிக்காரா கூட்டத்துல நீங்க தலைப்பாகை கட்டிண்டு வந்தேள். மன்னி என் கையைக் கிள்ளினா. என் ரெண்டாவது பொண்ணு அப்போ கைக்குழந்தை..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நினைவு வந்தது. அந்த வருஷம் ஆராட்டின்போது அண்ணா செங்கோட்டைக் காம்பில் விஷக்காய்ச்சலில் கிடந்தார். மன்னி கோட்டைக்கே வரவில்லை. பூஜை அறையில் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கே ஞாபகம் இருக்கும்போது அவருக்கா மறக்கும்? நிறுத்திவிட்டேன்.

அண்ணா தலையை நிமிர்த்தினார். என் வாயைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"சொல்லு" என்றார். "கிள்ளிட்டு என்ன சொன்னா?"

"அத்தனை பேர்ல நீங்கதான் அழகுன்னு சொன்னா அண்ணா" என்றேன்.

"அப்படியா சொன்னா" என்றார். சுவரில் கையை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றார்.